சார்ல்ஸ் பிளிஸ்

சார்ல்ஸ் பிளிஸ் (செப்டம்பர் 5, 1897 - ஜூலை 13, 1985) பிளிஸ் குறியீடுகள் எனப்படும் கருத்தெழுத்து முறையை உருவாக்கியவர். ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் யூதக் குடும்பம் ஒன்றில் பிறந்த இவர், வேதிப் பொறியாளராகப் பணியாற்றினார். நாசி வதை முகாம்களிலிருந்து மீண்டு, ஷங்காய் வழியாக ஆஸ்திரேலியாவில் குடியேறினார். வெவ்வேறு மொழி பேசும் மக்கள் ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டால் போர்கள் குறையும் என்ற நம்பிக்கையில் இவர் அமைத்த எழுத்து முறையை அரசுகளோ பல்கலைக்கழகங்களோ ஏற்கவில்லை. ஆனால் 1971 ஆம் ஆண்டு முதல், பேச இயலாத உடற்குறையுள்ள குழந்தைகள் தம் பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் கருத்துகளைத் தெரிவிக்க அம்முறை பயன்படத் தொடங்கியது. இன்று கூடுதல் மற்றும் மாற்றுத் தொடர்பாடல் என வழங்கும் துறையின் தொடக்கக் கருவிகளுள் ஒன்றாகப் பிளிஸ் குறியீடுகள் கருதப்படுகின்றன.

இளமைக் காலம்

பிளிஸ், இன்று உக்ரைன் நாட்டில் உள்ள செர்னிவ்த்சி நகரில் பிறந்தார். அப்போது அந்நகர் செர்னோவித்ஸ் என்ற பெயரில் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கீழ் இருந்தது. இவரது இயற்பெயர் கார்ல் காசியேல் பிளிட்ஸ். நான்கு பிள்ளைகளுள் இவரே மூத்தவர். தந்தை மூக்குக் கண்ணாடி செய்தல், மரம் கடைதல், மின்வேலை முதலான பல தொழில்களைச் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார்.

செர்னோவித்ஸ் நகரில் செருமன், உக்ரைனியம், உருமேனியம், போலியம், இத்திய மொழி ஆகியவை பேசப்பட்டன. ஒரே தெருவில் வாழ்ந்தவர்கள் ஒருவர் மொழியை மற்றவர் அறியாமல் பகைமை பாராட்டியதைச் சிறுவயதிலேயே கண்டதாகப் பிளிஸ் பிற்காலத்தில் கூறிவந்தார். தந்தையின் பணிமனையில் அவர் கண்ட மின்சுற்று வரைபடங்கள் அவரைப் பெரிதும் கவர்ந்தன. அவ்வரைபடக் குறிகளை எந்த மொழி பேசும் தொழிலாளியும் ஒரே பொருளில் புரிந்துகொண்டார். இந்த இரண்டு அனுபவங்களும் பிற்காலத்தில் அவரது எழுத்து முறைக்கு அடிப்படையாக அமைந்தன.

முதலாம் உலகப் போரில் பிளிஸ் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையில் பணியாற்றினார். போருக்குப் பின் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பயின்று 1922 ஆம் ஆண்டு வேதிப் பொறியாளர் பட்டம் பெற்றார். பின்னர் மின்னணுப் பொருட்கள் செய்யும் நிறுவனம் ஒன்றில் சேர்ந்து அதன் காப்புரிமைப் பிரிவின் தலைவராக உயர்ந்தார்.

வதை முகாமும் விடுதலையும்

1938 மார்ச்சு மாதம் நாசி செருமனி ஆஸ்திரியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. யூதர் என்பதால் பிளிஸ் கைது செய்யப்பட்டு முதலில் டாக்கவ் வதை முகாமிலும், பின்னர் புக்கன்வால்ட் முகாமிலும் அடைக்கப்பட்டார். அவரது மனைவி கிளேர், செருமானியக் கத்தோலிக்கர். கணவரை விடுவிக்க அவர் இடைவிடாது முயன்றார். 1939 ஆம் ஆண்டு, நாட்டை விட்டு வெளியேற வேண்டும் என்ற நிபந்தனையில் பிளிஸ் விடுவிக்கப்பட்டு இங்கிலாந்து சென்றார்.

மனைவியையும் இங்கிலாந்துக்கு அழைத்துக்கொள்ள அவர் செய்த ஏற்பாடுகள், போர் மூண்டதால் நிறைவேறவில்லை. 1940 இல் செருமனி இலண்டன் மீது நடத்திய தொடர் குண்டுவீச்சு பிளிட்ஸ் என்றே அழைக்கப்பட்டது. தம் குடும்பப் பெயரும் அதுவாக இருந்தமையால் அவர் அதனைப் பிளிஸ் என்று மாற்றிக்கொண்டார். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்குப் பேரின்பம் என்று பொருள்.

கிளேர் செர்னோவித்சில் இருந்த கணவரின் உறவினர்களிடமும், பிறகு கிரேக்கத்திலும் தங்கியிருந்தார். 1940 அக்டோபரில் இத்தாலி கிரேக்கத்தின் மீது படையெடுத்ததும் அங்கிருந்து வெளியேறிச் சீனாவின் ஷங்காய் நகரை அடைந்தார். பிளிஸ் கனடா, சப்பான் வழியாக அதே நகருக்குச் சென்றார். 1940 ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்திய நாளில் இருவரும் அங்கு மீண்டும் ஒன்று சேர்ந்தனர்.

ஷங்காயில் பிறந்த எண்ணம்

நுழைவு அனுமதி இன்றி அகதிகள் வந்திறங்கக்கூடிய மிகச் சில நகரங்களுள் ஒன்றாக அக்காலத்தில் ஷங்காய் இருந்தது. ஆயிரக்கணக்கான ஐரோப்பிய யூதர்கள் அங்கு அடைக்கலம் புகுந்திருந்தனர். 1943 ஆம் ஆண்டு, நகரைக் கைப்பற்றியிருந்த சப்பானியர் அவர்களை ஹொங்கியூ என்னும் பகுதிக்குள் அடைத்து வைத்தனர். கிளேர் யூதர் அல்லர். கணவரைப் பிரிந்து வெளியே வாழ அவருக்கு வழி இருந்தும், அதனை ஏற்காமல் கணவருடன் அப்பகுதிக்குள் சென்றார்.

ஷங்காயில் பிளிசின் கவனத்தைக் கடைப் பலகைகளில் இருந்த சீன எழுத்துகள் ஈர்த்தன. ஆசிரியர் ஒருவரை அமர்த்திச் சில எழுத்துகளைக் கற்றார். ஒரு நாள் அவ்வெழுத்துகளைப் படித்துக்கொண்டிருந்தபோது, தாம் அவற்றைச் சீன மொழியில் படிக்கவில்லை, தம் சொந்த மொழியில் படிக்கிறோம் என்பதை உணர்ந்தார். மனிதனைக் குறிக்கும் எழுத்தைப் பார்த்ததும் சீனச் சொல் அவர் மனத்தில் எழவில்லை. பொருள் மட்டுமே எழுந்தது. ஒருவர் பேச்சு மற்றவருக்குப் புரியாத வட சீனரும் தென் சீனரும் ஒரே செய்தித்தாளைப் படிக்க முடிவதும் இதனாலேயே என்பதை அவர் கண்டார்.

எனினும் சீன எழுத்துகளைக் கற்பது கடினம். அவற்றுள் பெரும்பாலானவை பொருளுடன் ஒலியையும் சார்ந்து அமைந்தவை. ஆகவே ஒலியை முற்றிலும் விட்டுப் பொருளை மட்டும் குறிக்கும் எளிய எழுத்து முறை ஒன்றைத் தாமே அமைக்க முடிவு செய்தார். உலகு அனைத்துக்கும் பொதுவான குறியீட்டு மொழி வேண்டும் என்று 17 ஆம் நூற்றாண்டுச் செருமானிய மெய்யியலாளர் லைப்னிட்ஸ் எண்ணியிருந்தார். பிளிஸ் அவரைத் தமது முன்னோடியாகக் கொண்டார். 1942 அளவில் தொடங்கிய இப்பணிக்கு முதலில் உலக எழுத்து என்று பெயரிட்டார்.

ஆஸ்திரேலியாவில்

போர் முடிந்தபின் 1946 சூலையில் பிளிசும் கிளேரும் ஆஸ்திரேலியா சென்று சிட்னி நகரில் குடியேறினர். பிளிசின் பொறியியல் பட்டத்துக்கு அங்கு ஏற்ற வேலை கிடைக்கவில்லை. அவர் உடலுழைப்புத் தொழிலாளியாக வேலை செய்து, இரவு நேரங்களில் தமது எழுத்து முறையைச் செம்மைப்படுத்தினார். 1949 ஆம் ஆண்டு அதனை மூன்று தொகுதிகள் கொண்ட நூலாகத் தம் செலவில் வெளியிட்டார். பொருளைக் குறிக்கும் எழுத்து எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கொண்டு அதற்குச் செமாண்டோகிராபி என்று பெயரிட்டார்.

நூலைப் பற்றி உலகெங்கும் உள்ள கல்வியாளர்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் கிளேர் ஏறக்குறைய 6000 கடிதங்கள் அனுப்பினார். மெய்யியலாளர் பெர்ட்ரண்டு ரசல் போன்ற சிலர் பாராட்டினர். ஆனால் எந்த நிறுவனமும் இம்முறையைப் பயன்படுத்த முன்வரவில்லை. 1961 ஆம் ஆண்டு கிளேர் காலமானார். ஏறக்குறைய இருபது ஆண்டுகளாகத் தம் பணிக்குத் துணைநின்ற மனைவியின் மறைவு பிளிசைப் பெரிதும் பாதித்தது.

1960களில் பன்னாட்டுச் சுற்றுலா வளர்ந்தது. விமான நிலையங்களிலும் சாலைகளிலும் படக் குறிகள் பெருகின. பிறர் தமது முறையைத் தமதென்று கூறிவிடக் கூடாது என்பதற்காகப் பிளிஸ் அதற்குத் தம் பெயரையே சூட்டினார். 1965 ஆம் ஆண்டு நூலின் இரண்டாம் பதிப்பு வெளிவந்தது. அப்போதும் அதனைப் பயன்படுத்துவோர் எவரும் இலர்.

குறியீடுகளின் அமைப்பு

பிளிஸ் குறியீடுகள் வட்டம், சதுரம், முக்கோணம், நேர்கோடு, அலைக்கோடு, அம்பு போன்ற எளிய வடிவங்களால் ஆனவை. ஏறக்குறைய நூறு அடிப்படைக் குறிகளைச் சேர்த்து எண்ணற்ற கருத்துகளைக் குறிக்கலாம். வடிவத்துடன் அதன் அளவு, இடம், திசை ஆகியனவும் பொருளை நிர்ணயிக்கின்றன. சில எடுத்துக்காட்டுகள் பின்வருமாறு:

- அலைக்கோடு நீரைக் குறிக்கும். நாற்காலிக் குறியும் நீர்க் குறியும் சேர்ந்தால் கழிப்பறை.
- இதய வடிவம் உணர்வைக் குறிக்கும். அதனுடன் மேல்நோக்கிய அம்பு சேர்ந்தால் மகிழ்ச்சி; கீழ்நோக்கிய அம்பு சேர்ந்தால் துயரம்.
- பெண்ணைக் குறிக்கும் குறியுடன் பாதுகாப்பைக் குறிக்கும் கூரை சேர்ந்தால் தாய். ஆண் குறியுடன் கூரை சேர்ந்தால் தந்தை.
- மனிதக் குறியுடன் 1 என்ற எண் சேர்ந்தால் நான். 2 சேர்ந்தால் நீ.

ஒரு குறியின் தலைப்பில் இடும் சிறு அடையாளம் அதன் சொல்வகையைக் காட்டும். சிறு சதுரம் இட்டால் அது பொருளின் பெயர். கூர்முனை மேல்நோக்கிய அடையாளம் இட்டால் வினை. கூர்முனை கீழ்நோக்கி இருந்தால் பண்பு. இறந்த காலத்துக்கும் எதிர்காலத்துக்கும் தனி அடையாளங்கள் உண்டு.

படங்களுக்கும் பிளிஸ் குறிகளுக்கும் உள்ள வேறுபாடு இங்கு முக்கியமானது. ஒரு குவளையின் படம் குவளையை மட்டுமே காட்டும். நேற்று, ஏன், இல்லை, வேறு, பயம் போன்றவற்றைப் படமாக வரைவது கடினம். பிளிஸ் முறையில் இவை அனைத்துக்கும் குறிகள் உள்ளன. பலகையில் இல்லாத ஒன்றையும் இரண்டு மூன்று குறிகளைச் சேர்த்துக் கூற முடியும். இந்தப் பண்பே பிற்காலத்தில் குழந்தைகளுக்கு இம்முறை பயன்படக் காரணமாயிற்று.

டொரொண்டோ குழந்தைகள்

கனடாவின் டொரொண்டோ நகரில் உடற்குறையுள்ள குழந்தைகளுக்கான ஒன்டாரியோ மையம் இருந்தது. அங்கு பயின்ற குழந்தைகளுள் பலர் பெருமூளை வாதம் உடையவர்கள். மூளை முடக்குவாதம் எனவும் வழங்கும் இந்நிலையில், வளரும் மூளைக்கு ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவுகள் கட்டுப்படுவதில்லை. நாவும் உதடும் குரல்வளையும் கட்டுப்படாதபோது பேச்சு தெளிவாக வராது, அல்லது வரவே வராது. எனினும் அக்குழந்தைகளுள் பலருக்குப் பிறர் பேசுவது நன்கு புரியும். பேச்சும் இல்லை, எழுதக் கையும் வசப்படவில்லை என்ற நிலையில், ஒரு குழந்தைக்கு எவ்வளவு புரிகிறது என்பதைப் பெற்றோரால்கூட அறிய இயலாமல் போனது.

அக்காலத்தில் அக்குழந்தைகளுக்கு உணவு, கழிப்பறை, படுக்கை போன்ற சில படங்கள் ஒட்டிய பலகை மட்டுமே தரப்பட்டது. தேவையைக் கேட்க அது உதவியது. கேள்வி கேட்கவோ, கதை சொல்லவோ, சினத்தை வெளிப்படுத்தவோ உதவவில்லை. எழுத்துப் பலகையைப் பயன்படுத்த வேண்டுமானால் குழந்தை முதலில் எழுத்துக்கூட்டப் படித்திருக்க வேண்டும்.

1971 ஆம் ஆண்டு அம்மையத்தின் ஆசிரியை ஷெர்லி மக்நாட்டனும் உடன் பணியாற்றியோரும் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்றைத் தேடினர். குறியீடுகளைப் பற்றிய நூல் ஒன்றில் பிளிசின் முறை குறித்த செய்தி அவர்கள் கண்ணில் பட்டது. அவர்கள் பிளிசின் நூலைத் தேடிப் பெற்று, சிறு குழு ஒன்றுக்குக் குறிகளைக் கற்பித்தனர். குழந்தைகள் எதிர்பார்த்ததைவிட விரைவாகக் கற்றனர். அதுவரை ஆம், இல்லை என்று மட்டும் தெரிவித்து வந்தவர்கள் குறிகளைச் சேர்த்து வாக்கியம் அமைத்தனர், கேள்விகள் கேட்டனர், தங்கள் உணர்வுகளைக் கூறினர்.

செய்தி அறிந்த பிளிஸ் 1972 ஆம் ஆண்டு டொரொண்டோ சென்றார். தம் வாழ்நாள் உழைப்பு முதன்முறையாகப் பயன்படுவதைக் கண்டு பெருமகிழ்ச்சி அடைந்தார். குழந்தைகளுக்காக மாண்டலின் வாசித்து மகிழ்வித்தார். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியமும் பிலிம் ஆஸ்திரேலியா நிறுவனமும் இணைந்து இவரைப் பற்றி 1974 ஆம் ஆண்டு ஓர் ஆவணப்படம் எடுத்தன. அதன் பிறகு பல நாடுகளிலிருந்து ஆசிரியர்களும் பெற்றோரும் இம்முறையைக் கற்க டொரொண்டோ சென்றனர்.

குடும்பங்களில் பிளிஸ் பலகை

பிளிஸ் பலகை என்பது கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட அட்டை அல்லது தட்டு ஆகும். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குறியும், அதன் மேல் அதற்குரிய சொல்லும் இருக்கும். சொல் எந்த மொழியிலும் இருக்கலாம். இதனால் குறிகளைக் கற்காத பாட்டியும் அண்டை வீட்டாரும், எழுதப் படிக்கத் தெரிந்திருந்தாலே போதும், குழந்தை சுட்டுவதைச் சொல்லாகப் படித்துவிடலாம். குழந்தைக்குக் குறி, கேட்பவருக்குச் சொல். வீட்டில் இம்முறை பயன்பட இந்த எளிய ஏற்பாடே முதன்மைக் காரணம் எனலாம்.

பலகை பெரும்பாலும் சக்கர நாற்காலியின் தட்டில் பொருத்தப்படும். விரல் நீட்ட முடிந்த குழந்தை விரலாலும், முடியாத குழந்தை கைமுட்டி, கால் அல்லது தலையில் கட்டிய சுட்டுக்கோலாலும் குறியைத் தொடும். கை கால் எதுவும் வசப்படாத குழந்தை கண்ணால் நோக்கும். அதுவும் கடினமானால், தாயோ தந்தையோ வரிசை வரிசையாகக் குறிகளைச் சுட்டிக்கொண்டே போக, வேண்டிய இடம் வந்ததும் குழந்தை ஓர் ஒலியாலோ கண் இமைப்பாலோ தெரிவிக்கும்.

குழந்தை எத்தனை குறிகள் அறிந்திருந்தாலும், எதிரில் இருப்பவர் காத்திருந்து படிக்காவிட்டால் பேச்சு நிகழாது. ஒரு வாக்கியம் முடிய ஒரு நிமிடமோ அதற்கு மேலோ ஆகலாம். குழந்தை முடிப்பதற்குள் பெற்றோர் தாமே ஊகித்துச் சொல்லிவிடுவது இயல்பு. ஆனால் அவ்வாறு தொடர்ந்து செய்தால் குழந்தை சுட்டுவதையே கைவிட்டுவிடும். ஆகவே இத்துறையில் பயிற்சி அளிப்போர் குடும்பத்தினருக்குச் சில வழிமுறைகளைக் கூறுகின்றனர்:

- பலகை பயிற்சி நேரத்துக்கு மட்டும் உரியதன்று. உணவு, குளியல், பயணம் என எங்கும் அது குழந்தையின் எட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.
- பெரியவர்களும் பேசும்போது குறிகளைச் சுட்டிக் காட்ட வேண்டும். பேசும் குழந்தை பிறர் பேசக் கேட்டே மொழியைக் கற்கிறது. பலகையில் பேசும் குழந்தையும் பிறர் பலகையில் பேசுவதைக் காண வேண்டும்.
- கேள்வி கேட்டபின் பொறுத்திருக்க வேண்டும்.
- வேண்டாம், இல்லை, பிடிக்கவில்லை போன்ற சொற்களும் பலகையில் இடம்பெற வேண்டும். மறுக்க முடியாத குழந்தைக்கு விருப்பம் தெரிவிக்கும் உரிமையும் முழுமையாக இராது.

பலகையைப் பழக்கினால் குழந்தை பேச முயலாமல் போய்விடுமோ என்ற அச்சம் பெற்றோர் பலருக்கு உண்டு. தொடர்பாடல் கருவிகள் பேச்சு வளர்ச்சியைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சில குழந்தைகளிடம் பேச்சு சற்றுக் கூடுவதும் காணப்பட்டுள்ளது.

கருத்து வேறுபாடுகள்

டொரொண்டோ மையத்துடன் பிளிசின் உறவு நெடுநாள் நல்லுறவாக நீடிக்கவில்லை. குழந்தைகளின் தேவைக்கேற்ப ஆசிரியர்கள் சில குறிகளை மாற்றினர். சில புதிய குறிகளைச் சேர்த்தனர். பிளிஸ் தம் குறிகள் ஒவ்வொன்றையும் தருக்க முறைப்படி அமைத்திருந்தார். அவற்றில் செய்யப்படும் எந்த மாற்றமும் அம்முறையையே குலைக்கும் என்று அவர் கருதினார்.

இரண்டாவது வேறுபாடு இதனினும் ஆழமானது. ஆசிரியர்கள் பிளிஸ் குறிகளை ஆங்கிலம் கற்பதற்கான படிக்கட்டாகக் கண்டனர். குழந்தை குறியையும் அதன்மேல் உள்ள சொல்லையும் ஒருங்கே பார்த்துப் பழகி, காலப்போக்கில் சொல்லைப் படிக்கக் கற்று, பின் பிறரைப் போல் எழுத வேண்டும் என்பது அவர்களின் நோக்கம். பிளிசின் நோக்கமோ இயற்கை மொழிகளுக்கு மேலான ஒரு பொது எழுத்தை உலகுக்கு அளிப்பது. சொற்கள் மக்களை ஏமாற்றவும் பகைமூட்டவும் பயன்படுவதை நாசி ஆட்சியில் நேரில் கண்டவர் அவர். தம் குறிகள் மீண்டும் சொற்களிடமே கொண்டுசேர்க்கும் பாலமாக மட்டும் நிற்பதை அவரால் ஏற்க இயலவில்லை.

1975 ஆம் ஆண்டு கனடாவில் பிளிஸ் குறியீட்டுத் தொடர்பாடல் அறக்கட்டளை நிறுவப்பட்டது. அதன் பணிகளையும் பிளிஸ் கடுமையாக எதிர்த்தார். கடிதங்கள் வாயிலாகவும் சட்ட நடவடிக்கைகள் வாயிலாகவும் பூசல் பல ஆண்டுகள் நீண்டது. குறிகளின் உரிமை யாருக்கு என்ற வழக்கு முடியும் வரை, அவற்றால் பேசிவந்த குழந்தைகளின் நிலையும் உறுதியற்றிருந்தது. இறுதியில் 1982 ஆம் ஆண்டு உடன்பாடு ஏற்பட்டது. மாற்றுத்திறனாளிகளுக்காகப் பிளிஸ் குறிகளைப் பயன்படுத்தும் உரிமம், உலகம் முழுவதற்கும் நிலையாக அந்நிறுவனத்துக்கு அளிக்கப்பட்டது. பிளிசுக்கு ஒரு தொகை வழங்கப்பட்டது. அத்தொகையைத் தாம் எழுதிய பாடநூல்களை அச்சிடுவதற்கே அவர் செலவிட்டார்.

இப்பூசலில் இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. குறிகளை ஆளுக்கு ஆள் மாற்றினால் ஒரு பள்ளியில் கற்ற குழந்தையின் பேச்சு வேறு பள்ளியில் புரியாது என்ற பிளிசின் எச்சரிக்கை உண்மையானது. இதனாலேயே பின்னாளில் புதிய குறிகளை ஆராய்ந்து ஏற்பதற்குப் பன்னாட்டுக் குழு அமைக்கப்பட்டது. அதே வேளையில், அன்றாடம் பேசப்படும் எந்த மொழியும் மாறாமல் இருப்பதில்லை. குழந்தைகள் பேசத் தொடங்கிய நாளிலேயே அம்முறை அதனை ஆக்கியவரின் கையை விட்டு நீங்கிவிட்டது எனலாம்.

இறுதிக் காலம்

உடற்குறையுள்ள குழந்தைகளுக்கு ஆற்றிய தொண்டுக்காக 1976 ஆம் ஆண்டு பிளிசுக்கு ஆஸ்திரேலிய அரசின் ஆர்டர் ஆப் ஆஸ்திரேலியா விருது வழங்கப்பட்டது. 1979 ஆம் ஆண்டு ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகம் இவரை மொழியியல் துறையின் மதிப்புறு ஆய்வாளராக ஏற்றது. 1949 இல் எந்தப் பல்கலைக்கழகமும் பொருட்படுத்தாத நூலின் ஆசிரியருக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின் இத்தகுதி கிடைத்தது. சூலை 13, 1985 அன்று தமது 87 ஆம் வயதில் பிளிஸ் ஆஸ்திரேலியாவில் காலமானார்.

தாக்கம்

பிளிஸ் குறியீடுகள் முப்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் பரவின. கனடா, சுவீடன், ஹங்கேரி ஆகிய நாடுகளில் இவை சிறப்பாகப் பயன்பட்டன. 1983 ஆம் ஆண்டு கூடுதல் மற்றும் மாற்றுத் தொடர்பாடலுக்கான பன்னாட்டுச் சங்கம் தொடங்கப்பட்டது. ஷெர்லி மக்நாட்டன் உள்ளிட்ட பிளிஸ் முறைப் பயிற்சியாளர்கள் அதன் தோற்றத்தில் பங்கு கொண்டனர்.

1980களிலிருந்து பார்த்தவுடன் விளங்கும் படக் குறித் தொகுப்புகளும், தொட்டால் குரல் எழுப்பும் மின்னணுக் கருவிகளும் பெருகின. அவற்றால் பிளிஸ் முறையின் பயன்பாடு குறைந்தது. படங்களைக் கற்பது எளிது. ஆசிரியருக்கும் பயிற்சி குறைவாகவே தேவைப்படும். எனினும் புதிய கருத்துகளைத் தாமே ஆக்கிக்கொள்ளும் ஆற்றலில் பிளிஸ் முறைக்கு இணையானவை குறைவு. எழுதப் படிக்க இயலாத நிலையிலும் விரிவாகப் பேச விரும்புவோர் சிலர் இன்றும் இதனைப் பயன்படுத்துகின்றனர். இன்றைய தொகுப்பில் பல ஆயிரம் குறிகள் உள்ளன.

இந்தியாவிலும் சென்னையிலும்

டொரொண்டோவில் இம்முறை வேரூன்றிய அதே காலத்தில் இந்தியாவில் பெருமூளை வாதம் உடைய குழந்தைகளுக்கான தனி அமைப்புகள் தோன்றின. 1972 ஆம் ஆண்டு மும்பையில் மிது ஆலூர் இந்திய ஸ்பாஸ்டிக்ஸ் சங்கத்தைத் தொடங்கினார். அவரது மகள் மாலினி சிப் பெருமூளை வாதம் உடையவர். ஒரே விரலால் தட்டச்சு செய்து பட்டங்கள் பெற்ற அவர், அந்த விரலைப் பெயரிலேயே குறிப்பிடும் தன்வரலாற்று நூலையும் எழுதினார். 1974 ஆம் ஆண்டு கொல்கத்தாவில் சுதா கவுல் தொடங்கிய அமைப்பு, பின்னர் இந்தியப் பெருமூளை வாத நிறுவனம் என்ற பெயருடன் மாற்றுத் தொடர்பாடல் பயிற்சியில் முன்னணி வகித்தது.

சென்னையில் 1981 ஆம் ஆண்டு தமிழ்நாடு ஸ்பாஸ்டிக்ஸ் சங்கம் தொடங்கப்பட்டது. இது தரமணியில் இயங்குகிறது. 1985 ஆம் ஆண்டு, அதாவது பிளிஸ் காலமான அதே ஆண்டில், பூனம் நடராசன் தொடங்கிய வித்யாசாகர் அமைப்பு கோட்டூர்புரத்தில் இயங்குகிறது. 2005 ஆம் ஆண்டு கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உடையோருக்கான தேசிய நிறுவனத்தை மத்திய அரசு நிறுவியது. தாம்பரம் முதலிய தென் புறநகர்ப் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் சென்றடையக்கூடிய தொலைவில் இம்மூன்றும் அமைந்துள்ளன.

சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற அஜித் நாராயணன், வித்யாசாகர் அமைப்பின் குழந்தைகளுடன் பணியாற்றிய அனுபவத்தைக் கொண்டு ஆவாஸ் என்னும் பேசும் கருவியை உருவாக்கினார். படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை இக்கருவி குரலாக ஒலிக்கும். வெளிநாட்டுக் கருவிகள் இந்தியக் குடும்பங்களுக்கு எட்டாத விலையில் இருந்த நிலையில் இது உருவானது குறிப்பிடத்தக்கது. பின்னர் இது பலகைக் கணினிச் செயலியாகவும் வெளிவந்தது.

சட்டத்திலும் இத்தகைய தொடர்பாடல் இடம்பெற்றுள்ளது. 2006 ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தொடர்பாடல் என்பதன் வரையறையில் கூடுதல் மற்றும் மாற்று முறைகளையும் சேர்த்துள்ளது. இந்தியா 2007 இல் அதனை ஏற்புறுதி செய்தது. இந்தியாவின் 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்திலும் அவ்வரையறை காணப்படுகிறது. இதன்படி பலகையைச் சுட்டிப் பேசுவதும் பேச்சுக்கு நிகரான தொடர்பாடலே ஆகும்.

மதிப்பீடு

நாடுகளுக்கிடையே அமைதியை உண்டாக்கும் என்று பிளிஸ் நம்பிய எழுத்தை எந்த நாடும் ஏற்றுக்கொள்ளவில்லை. அவ்வகையில் அவரது வாழ்நாள் நோக்கம் நிறைவேறவில்லை. அவரது முறை நிலைத்தது வகுப்பறையிலும், சமையலறையிலும், சக்கர நாற்காலியின் தட்டிலும் ஆகும். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாததால் விளையும் துன்பத்தை நீக்கவே பிளிஸ் முயன்றார். அத்துன்பம் இரு நாடுகளுக்கிடையே மட்டுமன்றி, ஒரே வீட்டில் தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலும் இருக்கலாம் என்பதையும், அது நீங்கக் கூடியது என்பதையும் அவரது குறியீடுகள் காட்டின.